முயலுக்கு அடிக்கடி வயிறு நின்றுபோனால்: எந்த வழியை முதலில் எடுப்பது?

முயலின் வயிறு ஒருமுறை நின்றுபோனால், அதாவது குடல் இயக்கம் நின்று அது சாப்பிடாமல் போனால், அதைப் பிழைக்க வைப்பதுதான் வேலை. அதே முயலுக்கு ஆண்டுக்கு நான்கைந்து தடவை இப்படி ஆகிறதென்றால் வேலையே வேறு. ஒவ்வொரு தடவையும் பதறி ஓடுகிறோம், சிரிஞ்சில் ஊட்டுகிறோம், இரவெல்லாம் கண் விழிக்கிறோம். அது மறுபடி புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டதும் நிம்மதியாகி, விஷயத்தை அங்கேயே விட்டுவிடுகிறோம். சில வாரங்களில் திரும்பவும் அதே மூலை, அதே ஒடுங்கல். இந்தச் சுழலை அறுக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை முதலில் எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

முயல் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வழிகளைத் திரட்டினால் நான்காக அடங்கிவிடும். உணவை அடியோடு மாற்றுவது. மயக்க மருந்து கொடுத்தாவது காரணத்தைத் தேடிப் பார்ப்பது. குடலை இயக்கும் மருந்தையோ வலி மருந்தையோ தொடர்ந்து கொடுத்துவருவது. புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய துணைப்பொருள்), பழச்சாறு போன்றவற்றை நம்புவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. அந்த இரண்டில் எது முதலில் என்பதை முயலின் புழுக்கையும் எடையும் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதை அவற்றுக்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும். நான்காவதில் போகிற நாட்கள் பெரும்பாலும் வீண் நாட்கள்.

எந்தத் தொல்லை என்று முதலில் பிரியுங்கள்

‘வயிற்றுக் கோளாறு’ என்று ஒரே பெயரில் நாம் சொல்வது, முயலைப் பொறுத்தவரை குறைந்தது இரண்டு தனித்தனித் தொல்லைகள். ஒன்றுக்கு ஏற்ற வழி மற்றதற்குப் பயன்படாது. இதைப் பிரிக்காமல் மருந்து தேடுவதால்தான் பலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன.

முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் உணவு இரண்டாகப் பிரிகிறது. செரிக்க முடியாத முரட்டு நார் வேகமாகக் கடந்து, காய்ந்த உருண்டைப் புழுக்கையாக வெளியே வந்துவிடும். நுண்ணிய துகள்களும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சீக்கம் என்கிற பெரிய பைக்குள் போகும். செரிமானப் பாதையில் இருப்பதில் சுமார் 40 சதவீதத்தை இந்தப் பை ஒன்றே வைத்திருக்கும். அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. பி வைட்டமின்களும் புரதமும் நிறைந்த, பளபளப்பான சவ்வு போர்த்திய மென்மையான கொத்தாக அது வெளிவரும்போது, முயல் தரையில் விழவே விடாமல் நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ இது நடப்பதால், ஆண்டுக்கணக்கில் முயல் வளர்ப்பவர்கள்கூட இந்தக் கொத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை ஓடவைப்பது முரட்டு நார்தான். நார் குறைந்தாலோ, வலியோ பயமோ வந்தாலோ, உடலில் நீர் வற்றினாலோ குடல் மெதுவாகிறது. புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோகிறது. முயல் சாப்பாட்டைத் தொடாது. இது முதல் வகை. மருத்துவர்கள் ஜி.ஐ. ஸ்டேசிஸ் என்பது இதைத்தான்.

இரண்டாவது வகையில் முயல் நன்றாகச் சாப்பிடும், துள்ளும், ஓடும். ஆனால் பின்புறத்தில் பசை மாதிரி ஒட்டிக் காய்ந்த கழிவு இருக்கும்; தரையில் கறுப்பாக நசுங்கிய கூழ் கிடக்கும்; வாடை பலமாக அடிக்கும். பார்த்தவர்கள் ‘வயிற்றுப்போக்கு’ என்று பயப்படுவார்கள். கூடவே சாதாரண உருண்டைப் புழுக்கையும் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வயிற்றுப்போக்கு அல்ல. சீக்கத்திலிருந்து வந்த மென்புழுக்கை ஒன்று சரியாக உருவாகாமல் கூழாகியிருக்கிறது, அல்லது முயல் அதை எடுத்துத் தின்னாமல் விட்டிருக்கிறது. உருண்டையே இல்லாமல் தண்ணீராகப் போனால்தான் நிஜமான வயிற்றுப்போக்கு. வளர்ந்த முயல்களுக்கு அது அபூர்வம். தாய்ப்பால் மறந்த சில வாரக் குட்டிக்கு வந்தால், மணிக்கணக்கில் உயிர் போகும் ஆபத்து. அதற்கு இந்த ஒப்பீடெல்லாம் பொருந்தாது, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

புழுக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 வரை போடும். ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே புல்லின் நறுக்குகள் பொன்னிறத்தில் தெரிய வேண்டும். கறுத்து, கல் மாதிரி இறுகி, மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தால் நீரும் நாரும் போதவில்லை, அல்லது குடல் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. ஒன்றோடொன்று முடியால் கோத்துக்கொண்டு வந்தால் முயல் முடி உதிர்க்கும் பருவத்தில் இருக்கிறது. தினமும் சீவிவிட வேண்டும். ஒரே தட்டில் பெரிசும் சிறிசுமாக, கோணல்மாணலாகக் கிடந்தால் நேற்று எங்கோ ஒரு தடங்கல் நடந்திருக்கிறது.

இதோடு வாரம் ஒருமுறை எடை. கிராம் காட்டும் தராசாக இருக்க வேண்டும். இரண்டு கிலோ முயலுக்கு 100 கிராம் குறைவது உடம்பில் இருபதில் ஒரு பங்கு போனதற்குச் சமம். அடர்த்தியான முடிக்குள் அது கண்ணுக்குத் தெரியாது, தராசில் மட்டும் தெரியும். ஜோடியாக வளர்ப்பவர்களுக்கு எது யாருடைய புழுக்கை என்ற குழப்பம் வரும். வலைத்தடுப்பு வைத்து ஒரே அறையில் ஓர் இரவு பிரித்து வைத்தால் விடை கிடைத்துவிடும். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால் பிரிவின் பதற்றமும் அவ்வளவாக இருக்காது.

நின்றுபோன அன்று: வீட்டிலா, மருத்துவரிடமா?

நீண்டகால வழியைத் தேர்வதற்கு முன் இந்தச் சின்னத் தேர்வு ஒன்று இருக்கிறது. அடிக்கடி இந்தத் தொல்லையைப் பார்த்துப் பழகியவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். போன தடவை வீட்டிலேயே சரியானது, இந்தத் தடவையும் ஆகிவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

முயல் வாந்தி எடுக்க முடியாத பிராணி. உள்ளே போனது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். சாப்பிடாமல் 12 மணி நேரம் கடந்தால், குறிப்பாகக் கொழுத்த முயலாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும் ஆபத்து உண்டு. ஆகவே வீட்டில் பார்ப்பதற்கென்று ஒரு சிறிய இடைவெளிதான் நமக்கு இருக்கிறது. வழக்கமாகப் பாய்ந்து வந்து வாங்கும் தீனியை மறுக்கிறது, ஆனால் சுறுசுறுப்பாக இருக்கிறது, காது இளஞ்சூடாக இருக்கிறது, வயிறு தொட்டால் மெத்தென்றிருக்கிறது, கொஞ்சமாவது புழுக்கை போடுகிறது என்றால் சில மணி நேரம் வீட்டில் முயலலாம். ஈரம் சொட்டும் கீரைத்தழை, மெதுவாக நடமாட இடம், கலவரமில்லாத அறை. இவை போதும். அதற்குள் தானாக வாய் வைத்துவிட்டால் நல்லது.

அடிவயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, கண்ணைப் பாதி மூடி முகத்தை இறுக்கிக்கொண்டிருப்பது ஆகியவை வலியின் அடையாளம். முயலின் முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிட 2012-ல் ஒரு அளவுகோலே வெளிவந்தது. கண் இறுகுவது, கன்னம் ஒட்டுவது, மூக்கின் வடிவம் மாறுவது, மீசையும் காதும் நிற்கும் நிலை என ஐந்து குறிகளை அது பார்க்கச் சொல்கிறது. வலி தெரிந்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. காது சில்லிட்டிருந்தால் இன்னும் அவசரம். முயலின் உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 38-க்குக் கீழே இறங்கிய முயல் பிழைப்பது கடினமாகிக்கொண்டே போகும்.

மிக முக்கியமான ஒரு எச்சரிக்கை இங்கே உண்டு. காலையில் நன்றாக இருந்த முயல் திடீரென்று சுருண்டு, வயிறு பலூன் மாதிரி விறைத்திருந்தால் அது வெறும் குடல் மந்தமாக இல்லாமல் அடைப்பாக இருக்கலாம். இறுகிய முடி உருண்டையோ, விரிப்பிலிருந்து கடித்துத் தின்ற நூலோ சிறுகுடலில் சிக்கியிருக்கலாம். அப்போது சிரிஞ்சில் ஊட்டுவதும், குடலை இயக்கும் மருந்தைக் கொடுப்பதும் நிலைமையை மோசமாக்கும். மருத்துவர் எக்ஸ்ரே எடுப்பதோடு ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவும் பார்ப்பார். அது டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராம் அளவைத் தாண்டியிருந்தால் அடைப்பின் சந்தேகம் வலுக்கிறது. சாதாரண மந்தத்தில் பொதுவாக அவ்வளவு ஏறாது. வயிறு விறைத்த முயலுக்கு வீட்டில் ஊட்டலாமா என்று யாராவது கேட்டால், படம் எடுக்காமல் ஒரு துளிகூட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடைப்பில்லை என்று தெரிந்த பிறகு ஊட்டுவது உயிர் காக்கும் வேலை. சாப்பிடாத முயலுக்கு ஊட்டுவதற்கென்றே உள்ள நார்ப்பொடியைக் கஞ்சிப் பதத்தில் கரைத்து, சிரிஞ்சின் நுனியை முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் பல்லில்லாத இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகத் தள்ள வேண்டும். அது மென்று விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுப் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாத்திப் போட்டு ஊட்டவே கூடாது.

உணவை மாற்றும் வழி

இரண்டாவது வகைத் தொல்லைக்கு, அதாவது பின்புறம் ஒட்டும் கூழ்த் தொல்லைக்கு, இதுதான் முதல் வழி. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த தீனி சீக்கத்தில் போய்ப் பாக்டீரியாக்களின் சமநிலையைக் குலைக்கிறது. பெல்லட் (அரைத்து அழுத்திய குச்சித் தீனி) கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கும் வீடுகளில், விதைகளும் வண்ணத் துண்டுகளும் கலந்த தீனி கொடுக்கும் வீடுகளில், பிஸ்கட்டும் பழத்துண்டும் கேரட்டும் பாசத்தோடு ஊட்டும் வீடுகளில் இது சகஜம். பெல்லட் நிறையத் தின்று வயிறு நிரம்பிய முயல், மென்புழுக்கையை எடுத்துத் தின்னாமலே விட்டுவிடுவதும் உண்டு.

மாற்றுவதிலும் இரண்டு தேர்வுகள் உள்ளன. பெல்லட்டைக் குறைப்பது ஒன்று, அறவே நிறுத்துவது இன்னொன்று. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 25 கிராம் பெல்லட் என்பது பரவலாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. உணவில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் காய்ந்த புல் இருக்க வேண்டும். டிமோத்தி, ஆர்ச்சர்டு, புல்வெளிப் புல் எதுவானாலும் சரி. கூழ்த் தொல்லை விடாப்பிடியாக இருக்கிற முயலுக்கு, சில வாரங்கள் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் என்ற கண்டிப்பான வழி நன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம். கழிவு உருண்டு திரண்ட பிறகு கீரைகளை ஒவ்வொன்றாக, நான்கைந்து நாள் இடைவெளியில் திரும்பச் சேர்க்கலாம். எந்தக் கீரையில் மறுபடி கூழாகிறதோ அதை விலக்கலாம்.

ஆனால் இந்தக் கண்டிப்பான வழி எல்லா முயலுக்கும் உகந்ததல்ல. புல்லையே தொடாத முயலிடமிருந்து பெல்லட்டை ஒரே நாளில் பிடுங்கினால் அது பட்டினி கிடக்கும். கூழ்த் தொல்லையைத் தீர்க்கப் போய் முதல் வகைத் தொல்லையை வரவழைத்ததாக முடியும். இளைத்த முயல், வயதான முயல், பால் கொடுக்கும் முயல், ஆறு மாதம் நிரம்பாத குட்டி ஆகியவற்றுக்கு மெதுவாகக் குறைப்பதே சரி. பத்துப் பதினைந்து நாட்களில் படிப்படியாகக் குறைத்து, தராசைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

காய்ந்த தீவனத்தில் குதிரைமசால் (அல்பால்பா) தனி ரகம். புரதமும் கால்சியமும் அதிகம். வளரும் குட்டிக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு அன்றாட உணவாகக் கூடாது. முயல் உண்ணும் கால்சியம் பெரும்பகுதி அப்படியே ரத்தத்தில் சேர்ந்து, மிச்சம் சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. அது சிறுநீர்ப்பையில் மணலாகப் படிந்தால் வலி. வலி வந்தால் குடல் நிற்கும். வயிற்றுத் தொல்லை என்று நாம் பார்ப்பது சிறுநீர்ப்பையில் தொடங்கியிருப்பதும் உண்டு.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உருண்டை முனையை நக்கிக் குடிக்கும் பாட்டிலைவிடக் கனமான கிண்ணத்தில் வைத்தால் முயல் இயல்பாக, அதிகமாகக் குடிக்கிறது. புழுக்கை சிறுத்து இறுகும் முயலுக்கு இந்த ஒரு மாற்றத்தை இன்றே செய்யலாம்.

உணவு வழி வேலை செய்கிறதா என்று தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் போதும். அதற்குள் பின்புறம் சுத்தமாகவில்லை என்றால் உணவு மட்டும் காரணமல்ல. குண்டான முயலும், முதுகெலும்பு தேய்ந்த முயலும் குனிந்து வாயால் எட்ட முடியாமல் மென்புழுக்கையை விட்டுவிடும். அந்த முயலுக்கு எவ்வளவு நல்ல புல் போட்டாலும் பின்புறம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒட்டிய கழிவைத் தேடி ஈ வந்து முட்டையிட்டால் 24 மணி நேரத்துக்குள் புழு பொரிந்து சதையைத் தின்னத் தொடங்கும். அதனால் காரணம் தெரியும்வரை தினம் இரண்டு வேளை பின்புறத்தைப் பார்த்துச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடவே முடியாது.

காரணத்தைத் தேடும் வழி

முதல் வகைத் தொல்லை, அதாவது குடல் நின்றுபோவது, நல்ல புல்லும் அளவான பெல்லட்டும் தின்கிற முயலுக்கே திரும்பத் திரும்ப வருகிறதென்றால், உணவுப் பட்டியலை மேலும் மேலும் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. குடல் மந்தம் அநேகமாக எப்போதும் வேறொன்றின் விளைவு. அந்த வேறொன்று அநேகமாக எப்போதும் வலி. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரை விலங்காகப் பிறந்தது வலியை மறைக்கும். அது மறைக்க முடியாமல் விடுவது குடலை மட்டும்தான்.

வலியின் இருப்பிடங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வாய். முயலின் பற்கள் எல்லாமே, கடைவாய்ப் பற்கள் உட்பட, வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைக்கும் பக்கவாட்டு அசைவால்தான் கடைவாய்ப் பல் தேயும். தேய்மானம் கோணலானால் ஓரத்தில் ஊசி மாதிரி கூர் வளரும். கீழ்ப்பல்லின் கூர் நாக்கைக் கிழிக்கும், மேல்பல்லின் கூர் கன்னத்தைக் குத்தும். சில முயல்களுக்கு வேர் கீழ்நோக்கி நீண்டு தாடையில் முடிச்சாகத் தட்டுப்படும். மேல்வேர் நீண்டு கண்ணீர்க் குழாயை அழுத்தினால் கண்ணிலிருந்து நீர் வழியும். குட்டை முகமுள்ள சிறிய இனங்களுக்கு இது அதிகம்.

இதற்கான அடையாளங்களை வீட்டிலேயே பிடிக்கலாம். சாப்பாட்டுக்கு ஆவலாக வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். புல்லை விட்டுவிட்டுப் பெல்லட்டை மட்டும் தின்னும், பிறகு பெல்லட்டையும் விட்டு மென்மையான கீரையை மட்டும் தின்னும். மென்றது வாயிலிருந்து நழுவி விழும். தாடையடி ஈரமாக இருக்கும். முன்னங்கால் உள்பக்கத்தில், வாயைத் துடைத்துத் துடைத்து முடி சடையாகிக் கிடக்கும். ‘என் முயலுக்குப் புல் பிடிக்காது’ என்று பலர் சொல்வதுண்டு. சின்ன வயதில் புல் தின்ற முயல் இப்போது தின்பதில்லை என்றால், அதைப் பிடிக்காமை என்று விட்டுவிடாமல் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்ப்பதிலும் தேர்வு இருக்கிறது. முயலை விழித்த நிலையில் வைத்து, ஒளிக்குழல் வழியாகக் கடைவாயைப் பார்ப்பது எளிது, உடனே முடியும், ஆபத்தில்லை. ஆனால் அந்த வாய் மிகக் குறுகியது. நாக்கும் கன்னச் சதையும் மறைக்கும். ஒன்றும் தெரியவில்லை என்ற முடிவு, ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. மயக்கத்தில் வாயைத் திறந்து வைத்துப் பார்ப்பதும், மண்டையோட்டு எக்ஸ்ரேயும் நம்பகமானவை. சி.டி. ஸ்கேன் கிடைத்தால் வேர்களும் உட்காதும் சேர்ந்தே தெளிவாகத் தெரியும். காது தொங்கும் இனங்களுக்கு உட்காதில் சீழ் கோத்து வலி தருவது அடிக்கடி காணப்படுவதால் இது கூடுதல் பலன்.

மயக்க மருந்து என்றதும் வரும் பயம் நியாயமானது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை சேகரித்த விவரங்களை வைத்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், மயக்கமோ ஆழ்ந்த உறக்கமோ கொடுக்கப்பட்ட முயல்களில் 1.39 சதவீதம் அதன் காரணமாக இறந்தன. நாய்களில் இது 0.17 சதவீதம், பூனைகளில் 0.24. முயலுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் அதே ஆய்வின் உள்ளே இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆரோக்கியமாக இருந்த முயல்களில் இறப்பு 0.73 சதவீதம், நோயோடு இருந்தவற்றில் 7.37. பத்து மடங்கு வித்தியாசம். அந்த ஆய்வு நடந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது, முயல்களுக்கு மயக்கம் கொடுக்கும் முறைகளும் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் இந்த வித்தியாசம் நமக்குச் சொல்வது இன்றும் பொருந்தும். குடல் நின்று, நீர் வற்றி, உடல் சில்லிட்ட நாளில் வாயைத் திறந்து பார்ப்பதைவிட, தேறிச் சுறுசுறுப்பாகத் துள்ளும் நாளில் பார்ப்பது பல மடங்கு பாதுகாப்பு. அந்த நல்ல நாட்களில்தான் ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நாம் தள்ளிப்போடுகிறோம். இரண்டாவது தடவை குடல் நின்று தேறிய உடனேயே, அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். அன்று முயலைப் பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு நீண்ட பட்டினி தேவையில்லை, அது குடலை மறுபடி நிறுத்தவும் கூடும்.

பல்லில் குறை தெரிந்தால் மயக்கத்திலேயே கூரை ராவி மட்டப்படுத்துவார்கள். இது ஒருமுறையில் தீர்வதில்லை. சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் எப்போது வேண்டியிருக்கும் என்பது கணிக்கக்கூடியதாகிவிடுகிறது. நள்ளிரவு ஓட்டங்கள் குறிப்பிட்ட நாள் சந்திப்புகளாகிவிடுகின்றன. விழித்திருக்கும் முயலின் கடைவாய்ப் பல்லை வெட்டுகருவியால் நறுக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். பல் நெடுக்காகப் பிளந்து வேரில் சீழ் பிடிக்கும்.

வாய் சுத்தமாக இருந்தால் தேடல் கீழே நகர வேண்டும். சிறுநீர்ப்பை மணலும் கல்லும், முதுகெலும்பு, இடுப்பு மூட்டு, பாதத்தடிப் புண். கருத்தடை செய்யாத பெண் முயலாக இருந்தால் கருப்பை. வயது கூடக்கூட அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு முயல்களில் மிக அதிகம். ஒரு முழு உடல் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் ஆகிய மூன்றும் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாதென்றால் வாயையும் எக்ஸ்ரேயையும் முதலில் எடுங்கள். ஒரே மயக்கத்தில் இரண்டும் முடியும்.

வலி தவிர அச்சமும் குடலை நிறுத்தும். கூட இருந்த முயல் இறந்தது, வீடு மாறியது, புதிய நாய், வெடிச்சத்தம், கடும் வெப்பம். குறிப்பேட்டில் ஒவ்வொரு தடவையும் முந்தைய மூன்று நாட்களில் என்ன நடந்தது என்று எழுதிவைத்திருந்தால் இது புலப்படும்.

தொடர் மருந்தும் துணைப்பொருட்களும்

மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தை மூட்டுத் தேய்மானமுள்ள முயலுக்கு நீண்ட நாள் கொடுப்பது நல்ல வழி, காரணம் தெரிந்திருந்தால். மற்றச் சிறு பிராணிகளைவிட முயலுக்கு அளவு வேறு. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். ஆகவே அளவும் ரத்தப் பரிசோதனை இடைவெளியும் மருத்துவர் சொல்வதே. மெட்டோகுளோபிரமைடு, சிசாப்ரைடு ஆகியவை குடலை இயக்கும் மருந்துகள். குடல் நின்ற நாட்களில் அவற்றுக்கு இடமுண்டு. காரணம் தேடாமல் மாதக்கணக்கில் இவற்றையே நம்பியிருப்பது, நாக்கைக் கிழிக்கும் பல்லை அப்படியே விட்டுவிட்டு வயிற்றை மட்டும் தள்ளிக்கொண்டிருப்பதாகத்தான் முடியும். வாயுவுக்குக் கொடுக்கும் சிமெத்திகோன் ஆபத்தில்லாதது. அதனால் பெரிய பலன் உண்டு என்பதற்குச் சான்று குறைவு.

புரோபயாட்டிக் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. முயலின் சீக்கத்தில் ஆட்சி செய்வது பாக்டீராய்ட்ஸ் வகைப் பாக்டீரியாக்கள். டப்பாவில் வரும் லாக்டோபேசில்லஸ் அங்கே குடியிருக்கும் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. தயிர் இன்னும் பொருத்தமில்லாதது, வளர்ந்த முயலுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. அன்னாசி, பப்பாளிச் சாறு முடி உருண்டையைக் கரைக்கும் என்பது பழைய நம்பிக்கை. அந்த நொதிகள் முடியைக் கரைப்பதில்லை. சாற்றின் சர்க்கரை சீக்கத்தைக் கெடுக்கத்தான் செய்யும். ஆரோக்கியமான முயலின் புதிய மென்புழுக்கையை நோயுற்றதற்குக் கொடுக்கும் முறை, கொடுக்கும் முயல் நோயற்றது என்று உறுதியானால், இவையெல்லாவற்றையும்விட அர்த்தமுள்ளது.

துணைப்பொருள் வீண் செலவோடு போய்விடும். சில மருந்துகள் உயிரையே வாங்கும். வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின் ஆகியவை முயலின் சீக்கத்தில் நல்ல பாக்டீரியாவை அழித்து, நஞ்சுண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியத்துக்கு வழிவிடுகின்றன. பிராணி மருத்துவரே எழுதித் தந்தாலும், அவர் முயல் அதிகம் பார்க்காதவர் என்றால் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தேடியும் கிடைக்காவிட்டால்

உணவு சரி, பல் சரி, படங்களிலும் ஒன்றுமில்லை. இப்படியும் முயல்கள் உண்டு. வெள்ளை உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிகச் சில புள்ளிகளே உள்ள முயலாக இருந்தால், ஒரு மரபுக் காரணத்தை யோசிக்க வேண்டும். புள்ளிக்கான மரபணுவைத் தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் பெற்ற முயல்களில் சிலவற்றுக்குப் பெருங்குடல் விரிந்து சோம்பிவிடும். பெரிய, மென்மையான, ஒழுங்கற்ற புழுக்கையும், சாப்பிட்டும் தேறாத உடம்பும், இடையிடையே நின்றுபோவதும் இதன் அடையாளம். இதைக் குணப்படுத்த முடியாது. முன்னே தொடர் மருந்தைக் கடைசியில் வைத்தேன். இந்த முயலுக்கு மட்டும் அதுவே முதல் வழி. ஈரமான உணவு, தாராளமான நீர், மருத்துவர் கண்காணிப்பில் குடல் மருந்து, மந்தம் தெரிந்த முதல் மணி நேரத்திலேயே வலி மருந்து. இப்படிப் பார்த்துக்கொண்டால் ஆண்டுகள் வாழ்கின்றன.

இத்தகைய முயல் வீட்டில் இருந்தால், நார்ப்பொடியும் சிரிஞ்சும் மருத்துவர் முன்கூட்டியே அளவு எழுதித் தந்த வலி மருந்தும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்திலேயே இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணும், கடைசி எடை எழுதிய தாளும். முயல் பார்க்கத் தெரிந்தவர் அங்கே எந்த நாட்களில் இருப்பார் என்று இப்போதே கேட்டு அந்தத் தாளில் குறித்துவையுங்கள்.